வறண்ட நிலத்தில் விளைச்சல் கூட மண்ணில் என்ன சேர்க்கலாம்?

ராமநாதபுரத்தில் மானாவாரி நிலம், மண் இறுகிக் கிடக்கிறது, சுண்ணாம்பு போடலாமா, கரி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சுண்ணாம்பு மூட்டையை அப்படியே வைத்துவிடுங்கள். அந்தத் தவற்றைச் செய்தவன் நான்.

நான் இருப்பது பினாங்கு, பட்டர்வொர்த்தில். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அது மண்ணிலுள்ள கால்சியத்தை அரித்துக்கொண்டு போக, மண் புளித்துவிடும், அதாவது அமிலமாகிவிடும். செம்பனைத் தோட்டமோ வீட்டுக் கத்தரியோ, எங்களுக்கு முதல் வைத்தியம் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் தூளும் அடுப்புச் சாம்பலும்தான். உங்கள் மாவட்டத்து முதுகுளத்தூர் பக்கம் இருக்கும் சித்தப்பாவுக்கும் போனில் அதையே சொன்னேன். "நீ சொன்னா சரியாத்தாம்ப்பா இருக்கும்" என்று மிளகாய்ப் புஞ்சையில் போட்டார். அடுத்த மாதம் படம் அனுப்பினார்: கொழுந்து இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். மண்ணைச் சோதித்தால் பி.எச். (புளிப்பு, காரம் காட்டும் அளவு; 7-க்கு மேல் போனால் காரம்) 8.6! ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் மண் அது. சுண்ணாம்பு ஏற்கெனவே அதில் தங்கியிருக்கிறது. நான் மேலும் சேர்க்கச் சொன்னதில் இரும்புச் சத்து செடிக்கு எட்டாமல் போய்விட்டது. அந்த வருஷ மிளகாயை நினைத்தால் இன்றும் மனசு உறுத்துகிறது.

உங்கள் மண் இறுகுவது களர் தன்மையாலா, அதாவது களிமண்ணில் சோடியம் மிகுந்ததாலா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி மெதுவாக இறக்குங்கள். கலக்க வேண்டாம். போர் தண்ணீரும் வேண்டாம், அதிலுள்ள உப்பு உண்மையை மறைத்துவிடும். கட்டி உதிர்ந்தாலும் தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. மறுநாள் வரை பால் ஊற்றியதுபோல் கலங்கியே நின்றால் சோடியம் அதிகம்.

அப்படியானால்தான் ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் களிமண்ணைப் பற்றியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிடும். ஆனால் தள்ளப்பட்ட சோடியம் வேருக்குக் கீழே இறங்கத் தண்ணீர் வேண்டும். அதனால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே போட்டு, வரப்பை உயர்த்தி மழையைத் தேக்குங்கள். எவ்வளவு என்பதைச் சோதனை முடிவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். சோடியம் ஒட்டாமல் உப்பு மட்டும் மிகுந்த வெறும் உவர் நிலம் என்றால் ஜிப்சம் வீண்செலவு. உப்பைக் கழுவி வடிக்கத்தான் வேண்டும்.

கரி போடலாம். உங்கள் பக்கம் சீமைக் கருவேலக் கரிமூட்டங்களில் கரித்தூள் மிஞ்சும். சாம்பலைச் சலித்து நீக்கிவிட்டு, சாணிக் கரைசலிலும் கோமியத்திலும் இரண்டு வாரம் ஊறவைத்துத் தொழு உரத்தோடு கலந்து போடுங்கள். பச்சையாகப் போட்டால் செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தைக் கரியே பிடித்துக்கொள்ளும். கரிக்கும் கொஞ்சம் காரத்தன்மை உண்டு, ஆகவே அளவாக.

மணல் கலந்த செம்மண்ணாக இருந்தால், இவை எல்லாவற்றையும்விட அனுமதி வாங்கி அள்ளும் கண்மாய் வண்டலைத்தான் நான் நம்புவேன். ஈரம் நாலு நாள் கூடுதலாக நிற்கும். சித்தப்பா இப்போது அதைத்தான் அடிக்கிறார். கரிசல் என்றால் வண்டலால் பெரிய பலனில்லை.

மண் சோதனை அட்டையில் உள்ள பி.எச்., இ.சி. (உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்) இரண்டையும் கருத்துப் பெட்டியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.