மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் கடன் தீருமா?

கேள்வி (வாசகர், குடியாத்தம்): கைலி வியாபாரம் நொடித்துவிட்டது. நூல் கடை பாக்கி, கைமாற்று, நகைக்கடன், வீட்டின் பேரில் வாங்கிய பேங்க் கடன் என்று 18 லட்சம் நிற்கிறது. ஐ.பி. (திவால் மனு) கொடுத்துவிட்டால் யாரும் கிட்டே வரமாட்டார்கள் என்கிறார்கள். அதற்குள் காட்பாடியில் இருக்கும் காலி மனையை மனைவி பெயருக்கு எழுதிவிடலாமா?

பதில்: தயவுசெய்து எழுதாதீர்கள். எழுதிக் கொடுத்த 2 வருடத்துக்குள் திவால் மனு போட்டால், பணம் வாங்காமல் கொடுத்த அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். மனுவுக்கு முந்தைய 3 மாதத்தில் மற்றவர்களைத் தவிக்கவிட்டு, வேண்டிய ஒருவருக்கு மட்டும் சலுகையாகக் கடனைத் தீர்த்தாலும் அதே கதிதான்.

கடன் கொடுத்தவர்களுக்கு வக்கீல் அனுப்பும் திவால் அறிவிப்பான மஞ்சள் நோட்டீஸால் ஒரு ரூபாய் கடன்கூடக் குறையாது. 'இனி என்னால் கட்ட முடியாது' என்று அறிவித்ததாகிவிடுவதால், அதையே காரணம் காட்டி 3 மாதத்துக்குள் கடன் கொடுத்தவர்களே உங்கள் மேல் திவால் மனு போடலாம். தனிநபர் திவாலுக்கு வேலூர்ப் பக்கம் இன்றும் 1920-ம் வருட மாகாணத் திவால் சட்டம்தான். 2016-ல் வந்த புதுச் சட்டம் தனிநபர்களில் கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்றவர்களுக்கு மட்டுமே அமலாகியிருக்கிறது.

சப் கோர்ட்டில் போடும் மனுவில் கடன்காரர் ஒவ்வொருவரின் பெயர், விலாசம், தொகை வேண்டும்; உங்கள் சொத்து முழுவதும், எங்கே இருக்கிறது, என்ன மதிப்பு என்பதும் வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான். சீட்டுப் பாக்கியையோ சொந்தக்காரரிடம் வாங்கிய கைமாற்றையோ விட்டுவிடுவார்கள். வேண்டுமென்றே மறைத்தால் சிறைத் தண்டனைகூட வரும். கணக்குப் புத்தகங்களைப் பத்திரமாக வையுங்கள். கடைசி 3 வருடக் கணக்கு இல்லையென்றால் கடனிலிருந்து விடுதலை கிடைப்பது சிரமம்.

மனு போட்ட மறுநாளே வசூல் வழக்குகள் நின்றுவிடாது. திவாலானவர் என்று நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் அதன் அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது. சொத்தும் அப்போது ரிசீவர் (சொத்தைக் கவனிக்க நீதிமன்றம் நியமிப்பவர்) கைக்குப் போகும்; உடுதுணி, சமையல் பாத்திரம், தாலி, கைத்தொழில் செய்பவரின் கருவி ஆகியவற்றைத் தொடமாட்டார்கள். அடமானம் வாங்கிய பேங்க் வீட்டின் மேலும், நகைக்கடன் கொடுத்தவர் நகையின் மேலும் உள்ள உரிமையை இழப்பதில்லை. உங்களுக்கு ஜாமீன் போட்டவரும் தப்ப முடியாது.

உத்தரவில் குறிக்கும் கெடுவுக்குள் விடுதலை மனு போட்டாக வேண்டும். போடாவிட்டால் திவால் உத்தரவே ரத்தாகி, கடன்காரர்கள் மறுபடி வாசலில் நிற்பார்கள். சொத்து, கடனில் ரூபாய்க்கு 50 பைசா அளவுகூடத் தேறாவிட்டால், அது உங்கள் தவறல்ல என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். விடுதலை வந்தாலும் அரசுப் பாக்கியும் மோசடிக் கடனும் தீராது.

கேள்வி (வாசகி, ராணிப்பேட்டை): நான் 2 லட்சம் கைமாற்று கொடுத்தவர் திவால் மனு போட்டு, கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கிறது. பணம் போனதுதானா?

பதில்: வாய்தா அன்று வக்கீலோடு போங்கள். மறைத்த சொத்து எது தெரிந்தாலும் எழுத்தில் சொல்லி ஆட்சேபியுங்கள். திவால் உத்தரவாகிவிட்டால் புரோநோட்டு நகலோடு கடனை உறுதிசெய்யும் அஃபிடவிட் கொடுங்கள்; பதிவுத் தபாலிலும் கோர்ட்டுக்கு அனுப்பலாம். கடனை நிரூபித்தவர்களுக்குத்தான் ரிசீவர் பங்கு பிரிப்பார்.