மகளைக் கூட்டிவர ஆட்கொணர்வு மனு உதவுமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். 22 வயது மகள் விரும்பியவரோடு அக்கரைப்பற்றில் போய் இருக்கிறாள். "ஆட்கொணர்வு மனு போட்டால் மூன்று நாளில் பிள்ளை வீட்டில்" என்று ஒருவர் எழுபதாயிரம் ரூபாய் கேட்கிறாராம். பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் போய்விட்டார்.

காசு கொடுக்காதீர்கள். நீதிமன்ற வாசலில் பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறவரெல்லாம் சட்டத்தரணி இல்லை. அவர் மனு எழுதுவார், நீங்கள் கையெழுத்து வைப்பீர்கள், அப்புறம் தவணைக்கு மேல் தவணை. மூன்று நாளாம்! நம் நீதிமன்றங்களில் மூன்று நாளில் ஒரு பிரதி எடுத்தாலே பெரிய விஷயம்.

இந்த மனு சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கும் ஆளை நீதிபதி முன் கொண்டுவரத்தான். பொலிஸ் அடைத்தாலும் சரி, ஒரு வீட்டுக்காரர் அடைத்தாலும் சரி. கொழும்புக்குப் போகவும் தேவையில்லை, மாகாண மேல் நீதிமன்றத்துக்கே அந்த அதிகாரம் உண்டு. ஆனால் மகள் வந்து நின்று, "நான் விரும்பித்தான் இருக்கிறேன்" என்றால் கதை முடிந்தது. 21 ஆனால்தான் பிள்ளை சொந்தமாக முடிவெடுக்கலாம் என்று ஊரில் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். அது பழைய கணக்கு. 1989இல் வந்த சட்டத் திருத்தத்தோடு அந்த வயது 18 ஆகிவிட்டது.

உண்மையிலேயே அடைத்து வைத்திருந்தால் வேறு. ஆனால் "போன் எடுக்கிறாள் இல்லை" என்பது அடைத்து வைப்பது ஆகாது. கோபத்தில் எடுக்காமல் இருக்கலாம், நீங்கள் அழுவீர்கள் என்று பயந்தும் இருக்கலாம். போனைப் பறித்துவிட்டார்கள், அடையாள அட்டையை மாமியார் வைத்திருக்கிறார், வெளியே போகக் கேட்டால் அடி: இப்படி மகளே யாரிடமாவது சொல்லியிருந்தால், அதைக் கேட்டவரோடு பொலிசுக்குப் போங்கள். "குடும்பப் பிரச்சினை, பேசித் தீருங்கள்" என்று அனுப்பப் பார்ப்பார்கள். முறைப்பாட்டைப் பதியச் சொல்லி, இலக்கத்தை வாங்காமல் எழும்ப வேண்டாம். ஆளைத் தேடி மீட்க நீதவான் உத்தரவிடலாம்.

இன்னொன்று. நீங்கள் மகளைக் கூட்டிவந்து அறையில் பூட்டினால், இதே மனுவை அந்தப் பையன் உங்கள் மேல் போடலாம்.

சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழை இன்றைக்கே திருப்பி வாங்குங்கள். இல்லாவிட்டால் காசு கேட்டவர், மகளுக்கு 17 என்று சத்தியக்கடதாசி தயாரித்து நீட்டுவார். பொய்ச் சத்தியத்துக்குக் கையெழுத்து வைத்தவர் நீங்கள், உள்ளே போகிறவரும் நீங்கள்தான். அவர் அடுத்த தாயிடம் போயிருப்பார்.