வாசகர் கேள்விகள்: கடலில் உதவி கேட்கும் முறை

கேள்வி: குடும்பத்தோடு சிறிய அவுட்போர்டு (பின்புறம் வெளியே இன்ஜின் மாட்டிய) படகில் போகிறோம். நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால், கடலும் அமைதியாக இருந்தால், தன்னார்வ மீட்புக் குழுவைக் கூப்பிடலாமா? தொந்தரவு ஆகாதா?

பதில்: தயங்காமல் கூப்பிடுங்கள், அதுவும் சீக்கிரமே. பிரிட்டனில் 1824-ல் தொடங்கிய ஆர்.என்.எல்.ஐ. போன்ற கடல் மீட்பு அமைப்புகளில் மீட்புப் படகில் வருகிறவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். அழைப்பு வந்ததும் வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ ஓடிவந்து, உடை மாற்றி, படகை நீரில் இறக்க வேண்டும். உங்களை நோக்கிய பயணம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். பகலில், பாறைகளுக்கு வெகு தொலைவில் நிற்கும் படகை இழுத்து வருவது அவர்களுக்கு எளிய வேலை. இருட்டிய பின், அதே படகு பாறைகளை ஒட்டி ஒதுங்கிக் கிடந்தால் மீட்க வருகிறவர்களின் உயிருக்கும் ஆபத்து. தொந்தரவு என்றால் தாமதமாகக் கூப்பிடுவதுதான்.

இன்ஜின் நின்றதும் முதல் வேலை நங்கூரம் போடுவது. நீரின் ஆழத்தைப் போல் குறைந்தது 5 மடங்கு கயிறு விடுங்கள்; அலை இருந்தால் 7 மடங்கு. கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டு, தரையில் பிடிக்காமல் நழுவும். பிறகு நான்கைப் பாருங்கள்: கில் ஸ்விட்ச் கயிறு (ஓட்டுபவர் தவறி விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் கயிறு) கழன்றிருக்கிறதா, பெட்ரோல் குழாய் இணைப்பு இறுக்கமா, பிரைமர் பல்பை (பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் குமிழை) அமுக்கினால் கெட்டிப்படுகிறதா, டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா. கடைசியானதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். காற்று உள்ளே போகாவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இருந்தும் இன்ஜினுக்கு வராது. இவ்வளவும் பார்த்தும் கிளம்பவில்லையென்றால் அழைத்துவிடுங்கள்.

கேள்வி: செல்போன் இருக்கும்போது வி.எச்.எஃப். ரேடியோ எதற்கு? அதில் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: போனில் நீங்கள் பேசுவது ஒருவருக்கு மட்டுமே கேட்கும். 16-ஆம் சேனலில் (156.8 மெகாஹெர்ட்ஸ்) பேசினால், அதைக் கவனித்துக்கொண்டிருக்கும் கடலோர நிலையத்துக்கும் அருகிலுள்ள படகுகளுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். பல நேரம் முதலில் வந்து சேர்வது பக்கத்துப் படகுதான். போனும் இருக்கட்டும், நீர்புகா உறைக்குள்.

ரேடியோ எட்டும் தூரத்தில் வாட்ஸை (ரேடியோவின் சக்தியை) விட ஆன்டெனாவின் உயரத்துக்கே பங்கு அதிகம். கையடக்க ரேடியோ இன்னொரு சிறு படகை எட்டுவது 3, 4 கடல்மைல்தான். அதே ரேடியோ 100 மீட்டர் உயரக் குன்றிலுள்ள ஆன்டெனாவை ஏறக்குறைய 20 கடல்மைலிலிருந்தும் எட்டக்கூடும். ஆகவே எழுந்து நின்று, ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடித்துப் பேசுங்கள்.

உயிருக்கோ படகுக்கோ உடனடி ஆபத்து என்றால் "மேடே"; அவசரம்தான், ஆனால் உடனடி ஆபத்து இல்லை என்றால் "பான்-பான்". அந்தச் சொல்லை மூன்று முறையும் படகின் பெயரை மூன்று முறையும் சொல்லுங்கள். அடுத்து இருக்கும் இடம், என்ன நேர்ந்தது, என்ன உதவி வேண்டும், படகில் எத்தனை பேர். நடுவில் தொடர்பு அறுந்தாலும் தேடி வர வழி வேண்டும், அதனால் இடத்தை முந்திச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் பேசும் பொத்தானிலிருந்து கையை எடுங்கள். பதற்றத்தில் அதை அமுக்கியபடியே இருந்தால் பதில் உங்களுக்குக் கேட்காது, அந்தச் சேனலில் வேறு யாரும் பேசவும் முடியாது.

கேள்வி: 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனை (செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியை)த் தவறுதலாக அமுக்கிவிட்டால்?

பதில்: அணைத்துவிட்டு, உடனே மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தேடல் தொடங்கிவிடும். பீக்கனை உங்கள் பெயரில் பதிவு செய்து வைத்திருந்தால் மையமே முதலில் உங்கள் வீட்டுக்குப் போன் செய்து விசாரிக்க முடியும். 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் பழைய பீக்கன் வைத்திருப்பவர்கள் மாற்றிவிடுங்கள். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கவனிப்பதில்லை.

கேள்வி: தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் புதிதாக வாங்கியிருக்கிறோம். அதைப் பராமரிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். உள்ளே இருக்கும் வாயு சிலிண்டர் படகின் அதிர்வில் மெல்ல மெல்லக் கழலும். கழன்ற சிலிண்டரை ஊசி துளைக்காது, ஜாக்கெட் ஊதாது. ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் கையால் திருகி இறுக்கிப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைக் கழற்றி எடை போட்டு, அதன் மேல் பொறித்திருக்கும் எடையோடு ஒப்பிடுங்கள், குறைந்திருந்தால் மாற்றுங்கள். வாய்க்குழாய் வழியாக ஊதி ஓர் இரவு விட்டுவைத்தால் கசிவு தெரிந்துவிடும். நீர் பட்டதும் இயங்கும் கேப்ஸ்யூலுக்குக் காலாவதித் தேதி உண்டு.

தொடையிடைப் பட்டையையும் மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் நீரில் விழுந்ததும் ஜாக்கெட் முகத்துக்கு மேலே ஏறிவிடும். முக்கியமானது, ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். அலைக்குள் தத்தளித்துக்கொண்டு அதை மாட்டிக் கட்டுவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

கேள்வி: படகில் நீர் இறைக்கும் மின்பம்பு இருக்கிறது. ஓட்டை விழுந்தால் அது போதுமா?

பதில்: போதாது. நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 25 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 55 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 2000 லிட்டர் என்று எழுதியிருக்கும் பம்பு நிமிடத்துக்கு 33 லிட்டர்தான். குழாய் உயரமும் பேட்டரி வோல்டேஜும் அதையும் குறைத்துவிடும். எனவே முதலில் துளையைத் தேடி அடையுங்கள். டிரெய்லரில் வரும் படகென்றால் பின்பக்க வடிகால் அடைப்பானை மாட்ட மறந்தோமா என்று முதலில் பாருங்கள். படகின் உடலில் குழாய் வால்வு இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் கூம்பு வடிவ மென்மரக் கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டி வையுங்கள். துணியைச் சுற்றி அடித்துச் சொருகினால் கணிசமாக அடைபடும்.

கேள்வி: மீட்புப் படகு கண்ணுக்குத் தெரிகிறது. அது வருவதற்குள் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

பதில்: நீரில் தொங்கும் கயிறுகளை எல்லாம் உள்ளே இழுத்துவிடுங்கள், வருகிற படகின் புரொப்பெல்லரில் ஒன்று சுற்றினால் அப்புறம் இரண்டு படகுகள் நிற்கும். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் அணிந்து, படகின் பின்பாதியில் உட்காரட்டும். முன்பக்கம் இலேசானால் படகு நேராக இழுபடும். இழுவைக் கயிற்றைக் கட்டச் சிறந்த இடம், டிரெய்லரில் ஏற்றும்போது வின்ச் கயிறு மாட்டும் முன்வளையம். தளத்தில் திருகாணியால் மட்டும் பொருத்திய, கயிறு கட்டும் சிறு கொம்பு இழுப்பில் பிய்ந்து வந்துவிடலாம். நைலான் கயிறு விறைத்து நிற்கும்போது அறுந்தால் பயங்கர வேகத்தில் பின்னோக்கி அடிக்கும், ஆகவே இழுவை தொடங்கிய பிறகு முன்தளத்தில் ஒருவரும் இருக்கக் கூடாது. கைக்கெட்டும் இடத்தில் கூரான கத்தி ஒன்று இருக்கட்டும். நங்கூரத்தை மீட்புக் குழுவினர் சொன்ன பிறகே தூக்குங்கள்.