வீட்டுப் பத்திரம் அலமாரியிலேயே இருக்கட்டும்

அம்மா, சனிக்கிழமை சுங்கை சிப்புட்டில் என் அறையில் நீங்கள் கண் கலங்கியபோது ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன். அது போதாது. உங்கள் மகன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வில் நன்றாகத் தேறிவிட்டான். வெளிநாட்டில் மருத்துவம் படிக்க வைக்கச் சொல்லி கிள்ளான் பெரியப்பா நெருக்குகிறார். மூன்று லட்சம் வெள்ளிக்கு மேல் ஆகும் என்று ஏஜெண்டு எழுதிக் கொடுத்த தாளை நானும் பார்த்தேன். அந்தத் தாளுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். உங்கள் கணவர் 25 ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த சேமநிதியும் அந்த வீடும்தான் உங்கள் இருவரின் முதுமைக்குத் துணை.

டாக்டருக்குப் படித்தால் அரசாங்க வேலை நிச்சயம் என்பது பழைய கணக்கு. 2016 டிசம்பர் முதல் புதிய மருத்துவர்களை அரசாங்கம் ஒப்பந்த அடிப்படையில்தான் எடுக்கத் தொடங்கியது. நிரந்தரப் பணி கேட்டு 2021 ஜூலை 26 அன்று அவர்கள் நாடு முழுவதும் பணியை விட்டு வெளியே வந்து நின்றார்கள். மருத்துவத்தின் மேல் உயிராக இருக்கும் பிள்ளை அதையும் தாங்குவான். உங்கள் மகனிடம் "உனக்கு விருப்பமா?" என்று கேட்டேன். அவன் பதில் பேசாமல் மடிக்கணினியைத் திறந்தான்.

திரையில் தாத்தா வேலை செய்த தோட்டத்தின் வரைபடம் இருந்தது. பிளாக்குகள், லயங்கள், ஓடை, மழையில் மூழ்கும் மண்பாதை எல்லாவற்றையும் விடுமுறை முழுவதும் உட்கார்ந்து போட்டிருக்கிறான். கியூஜிஐஎஸ் என்ற அந்த மென்பொருள் இலவசமாகக் கிடைப்பது. அதற்காக அவன் உங்களிடம் ஒரு வெள்ளிகூடக் கேட்டதில்லை. ஆனால் என்னை உட்கார வைத்தது வரைபடம் அல்ல, பக்கத்தில் இருந்த நோட்டுப் புத்தகம். எங்கே பிழை வந்தது, எதனால் வந்தது, எப்படித் தீர்த்தான் என்று தேதி போட்டு எழுதியிருக்கிறான்.

ஒன்றைச் சொல்கிறேன். கைப்பேசியில் எடுத்த இடப்புள்ளிகள் அட்சரேகை, தீர்க்கரேகையாக, டிகிரியில் வரும். தோட்டத்து வரைபடமோ தீபகற்பத்துக்கென்று வகுத்த ஆர்எஸ்ஓ முறையில், மீட்டரில் இருக்கும். இரண்டும் பொருந்தட்டும் என்று அவன் புள்ளிகளின் அடுக்குக்கு 3375 என்ற ஆர்எஸ்ஓ குறியெண்ணைச் சூட்டியிருக்கிறான். உடனே புள்ளிகள் எல்லாம் சுமத்ராவுக்கு மேற்கே கடலில் போய் விழுந்தன. 101 டிகிரியை மென்பொருள் 101 மீட்டர் என்று படித்துவிட்டது! பெயர்ப்பலகையை மாற்றுவது வேறு, எண்களையே புதிய முறைக்குக் கணக்கிட்டு மாற்றுவது வேறு என்பதை இரண்டு நாள் போராடித் தானே கண்டுபிடித்தான். முதலில் டிகிரிக்கு உரிய 4326 என்ற சரியான குறியெண்ணைத் திரும்பக் கொடுத்து, அதன் பிறகு 3375-க்கு உருமாற்றிப் புதிய கோப்பாகச் சேமித்தான். பரப்பளவும் அப்படித்தான் ஏமாற்றியது. 30 ஹெக்டேர் பிளாக்குக்கு 0.0000245 என்று விடை வந்தது, ஏனென்றால் அது சதுர டிகிரி. மீட்டருக்கு மாற்றிய பிறகே ஹெக்டேர் கிடைத்தது.

பைத்தான் என்ற நிரல் மொழியில் இன்னொரு வேடிக்கை. கோப்பு 'தானா' (tanah) என்ற மலாய்ப் பெயருள்ள ஃபோல்டரில் இருக்கிறது; கண்ணுக்குத் தெரிகிறது; நிரலோ கோப்பே இல்லை என்கிறது. பின்சாய்கோட்டுக்கு (\) அடுத்து ஆங்கில 'டி' (t) எழுத்து வந்தால் பைத்தான் அதை டேப் இடைவெளியாக எடுத்துக்கொள்ளும். மேற்கோள் குறிக்கு முன்னால் ஓர் 'ஆர்' (r) எழுத்தைப் போட்டதும் சரியானது. நீளமான பிழைச்செய்தியின் கடைசி வரியைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்றும் குறித்து வைத்திருக்கிறான். நண்பன் வாட்ஸ்அப்பில் வரைபடத்தின் .எஸ்எச்பி கோப்பை மட்டும் அனுப்பினான். கூடவே வர வேண்டிய .எஸ்எச்எக்ஸ், .டிபிஎஃப், .பிஆர்ஜே என்ற துணைக்கோப்புகள் வராமல் வேலை நின்றது. இதுவும் அதில் இருக்கிறது.

அம்மா, இந்தப் பொறுமை எல்லாப் பிள்ளைக்கும் வாய்ப்பதில்லை. இதற்கென்றே படிப்பு இருக்கிறது. அரசாங்கப் பாலிடெக்னிக்குகளில் நில அளவை டிப்ளோமா இருக்கிறது. பருவக் கட்டணம் சில நூறு வெள்ளிதான். அதை முடித்தோ பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதியோ ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வரைபடத் தரவைக் கணினியில் கையாளும் புவித்தகவலியல் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். 1885-இல் ஜொகூரில் தொடங்கிய நில அளவை, வரைபடத் துறை இன்றும் இயங்குகிறது. செம்பனை நிறுவனங்கள், நகராண்மைக் கழகங்கள், வெள்ளத் தடுப்பு, மின்கம்பி, குடிநீர்க் குழாய் என்று வரைபடம் கேட்காத இடம் குறைவு.

ஒன்றை மறைக்க மாட்டேன். நில எல்லையை அளந்து கையெழுத்திட நில அளவையாளர் வாரியத்தின் உரிமம் வேண்டும். அதற்குப் பட்டமும் பயிற்சியும் தேர்வுமாகப் பல ஆண்டுகள் ஆகும். வரைபடத் தரவு வேலைக்கு அந்த உரிமம் தேவையில்லை. பைத்தான் தெரிந்த கை இருந்தால் போதும், தொடங்கிவிடலாம். தொடக்கச் சம்பளம் பெரியப்பா எதிர்பார்க்கும் அளவுக்கு இராது. ஆனால் தலைக்கு மேல் கடனும் இராது.

அரசாங்க உயர்கல்விக் கூடங்களுக்கான யூபியு விண்ணப்பத்தில் நில அளவையை முதல் தேர்வாகப் போடச் சொல்லுங்கள். ஏஜெண்டு முன்பணம் கேட்டால் ஒரு காசும் கொடுக்காதீர்கள். வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் கணவரையும் மகனையும் அழைத்து வாருங்கள். பெரியப்பாவுடன் நான் தொலைபேசியில் பேசிக்கொள்கிறேன். மகன் அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவரட்டும். அவனுடைய அப்பா இன்னும் அதைப் பார்க்கவில்லையாம்.