கேள்வி பதில்: குப்பை அள்ள விண்ணுக்குப் போனவர்கள்

தக்கலை வாசகர்: விண்வெளி அனிமே (ஜப்பானிய அசைபடம்) என்றால் ராட்சத எந்திர மனிதர்களின் சண்டைதான் என்று எண்ணியிருந்தேன். என் தங்கை மகன் வற்புறுத்தியதால் ‘பிளானெட்டெஸ்’ பார்த்தேன். அதன் நாயகன் குப்பை அள்ளுகிறான்! இதைப் போய் ஏன் கதையாக்கினார்கள்?

மகோத்தோ யுகிமுரா 1999-இல் எழுதத் தொடங்கிய மாங்காவை (ஜப்பானியப் படக்கதையை), கோரோ தனிகுச்சியின் இயக்கத்தில் சன்ரைஸ் நிறுவனம் 2003, 2004 ஆண்டுகளில் 26 பகுதிகளாக எடுத்தது. கதை நடப்பது 2075-இல். பூமியைச் சுற்றும் உடைசல்களை அள்ளுவதற்கு ஒரு பெருநிறுவனம் சட்டத்துக்குப் பயந்து ஒரு பிரிவை வைத்திருக்கிறது. வேண்டிய ஆட்களில் பாதிப்பேர்கூட இல்லாததால் மற்றவர்கள் அதை ‘அரைப் பிரிவு’ என்று கேலி செய்கிறார்கள். குப்பை என்றதும் நமக்குச் சிரிப்பு வருகிறது; ஆனால், தாழ்ந்த சுற்றுப்பாதையில் ஒரு திருகாணிகூட விநாடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கும். குழுவிலுள்ள யூரியின் மனைவி இறந்தது அப்படியொரு திருகாணி பயணியர் கலத்தின் மீது மோதியதால்தான். இது வெறும் கற்பனையன்று. மோதலில் பிறக்கும் துண்டுகளே மேலும் மோதல்களை உண்டாக்கிச் சுற்றுப்பாதையைப் பாழாக்கக்கூடும் என்று டொனால்ட் கெஸ்லர் 1978-இலேயே எழுதினார். 2009 பிப்ரவரி 10 அன்று, இயங்கிக்கொண்டிருந்த, அமெரிக்க இரிடியம் நிறுவனத்தின் செயற்கைக்கோளும் செயலிழந்த ரஷ்யச் செயற்கைக்கோளும் ஏறத்தாழ 790 கிலோமீட்டர் உயரத்தில் மோதிச் சிதறின.

இருந்தாலும் என்னைக் கவர்ந்தது மோதல்களைவிட அந்த அலுவலகம்தான். செலவுக் கணக்குக் கேட்டு நச்சரிக்கும் மேலதிகாரிகள், பேசாமல் வேலை பார்க்கும் தற்காலிக ஊழியை, புதிதாகச் சேர்ந்த தனாபே என்ற பெண்ணிடம் முதலிலேயே உயில் எழுதி வாங்கிக்கொள்ளும் நடைமுறை, காப்பீடு விற்க வந்து நிற்கும் முகவர் என்று, விண்வெளியை வேலைக்குப் போய்வரும் இடமாகவே காட்டுகிறார்கள். ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்கள் உள்ள ஊர்க்காரர்களுக்கு அந்த உயில் காட்சி வேடிக்கையாகத் தோன்றாது.

குளச்சல் வாசகர்: எங்கள் ஊரில் விசைப்படகு முதலாளியும் உண்டு, பங்குக்குப் போகிற தொழிலாளியும் உண்டு. ‘பிளானெட்டெஸ்’ காட்டுவதுபோல், நிலாவில் குடியேறிய பிறகும் இந்த ஏற்றத்தாழ்வு தொடரும் என்பது சற்று மிகையல்லவா?

மிகை என்று நான் நினைக்கவில்லை. அத்தொடரில் எல் தனிக்கா என்ற கற்பனை ஏழை நாட்டுப் பொறியாளர் ஒருவர், தம் நாட்டவர் உருவாக்கிய விண்வெளி உடையைத் தூக்கிக்கொண்டு நிறுவனத்தின் வாசலுக்கு வருகிறார். உடையில் ஒரு குறையுமில்லை. ஆனால் அதற்குள் அவருடைய நாட்டில் போர் மூண்டுவிடுகிறது. மேலிருந்து பார்க்கும்போது நாடுகளுக்கிடையே கோடுகள் தெரிவதில்லை என்று பிறர் மகிழ்ந்து சொல்லும் அதே காட்சி, அவருடைய துயரத்துக்குப் பக்கத்தில் எவ்வளவு வேறாகிவிடுகிறது என்பதைப் பாருங்கள்.

உண்மையான வரலாற்றிலும் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. செயற்கைக்கோள் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே அமைந்திருப்பதால், எங்கள் தலைக்கு மேலுள்ள பகுதி எங்களுக்கே உரியது என்று கொலம்பியா உள்ளிட்ட 8 நாடுகள் 1976-இல் பொகோட்டாவில் அறிவித்தன. விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமாக முடியாது என்ற 1967 உடன்படிக்கையைக் காட்டி மற்ற நாடுகள் அதை ஏற்க மறுத்தன. நியாயமான மறுப்புதான், ஆனால் அங்கே செயற்கைக்கோளை அனுப்ப வசதி படைத்தவர்கள் யார் என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. நம் குமரி மாவட்டத்துக்கு வடக்கே, திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏறுவதற்கு, பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக ஓடும் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருந்த மீனவர் கிராமத்தின் நிலமும் தேவாலயமும் வேண்டியிருந்தன. அவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம். கொடுத்தவர்களின் வீட்டுக் கதையை யாரும் அதிகம் கேட்பதில்லை.

1979-இல் வந்த முதல் ‘குண்டம்’ என்ற எந்திர மனிதர் அனிமே தொடரிலேயே, பூமியில் இடம் போதாமல் விண்வெளிக் குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டவர்களின் மனக்குறை போராக வெடிக்கிறது. 2015-இல் வந்த இன்னொரு குண்டம் தொடரில், செவ்வாயில் விலைக்கு வாங்கி விற்கப்படும் சிறுவர்களை ‘மனிதக் குப்பை’ என்றே அழைக்கிறார்கள்.

குலசேகரம் வாசகி: பொறியியல் முடித்த என் மகன், விண்வெளித் துறையில் அல்லாமல் வேறு வேலைக்குப் போகமாட்டேன் என்று இரண்டு ஆண்டுகளாக வீட்டில் இருக்கிறான். அவனுடைய அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிறார். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டும் இல்லை, கூலியும் இல்லை. இரவெல்லாம் இந்தத் தொடர்களைப் பார்த்துவிட்டு, ஆசையில்லாதவன் மனிதனே இல்லை என்கிறான். என்ன சொல்வது?

அம்மா, ‘பிளானெட்டெஸ்’ தொடரின் பிற்பகுதியை அவனோடு நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். நாயகன் ஹாச்சிமாகிக்குத் தனக்கென்று ஒரு விண்கலம் வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வியாழனுக்குச் செல்லும் கலத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றதும் வேலையை விடுகிறான், பழகியவர்களை உதறுகிறான், கடைசியில் அவனைப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது. அதே பயணத்தின் தலைவர் லாக்ஸ்மித், எந்திரச் சோதனை வெடித்துப் பலர் மாண்ட பிறகும் கண்கலங்காமல் அடுத்த எந்திரத்தைப் பற்றிப் பேசுகிறார். ஆசையை இழிவென்று கதை சொல்லவில்லை. அந்தக் கலம் புறப்படவும் செய்கிறது. அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை மட்டும் மறைக்காமல் காட்டுகிறது. உங்கள் வீட்டில் அந்த விலையை விடியற்காலையில் கத்தியோடு தோட்டத்துக்குப் போகிறவர் கொடுத்துக்கொண்டிருக்கிறார். மகனிடம் இதைக் கோபமில்லாமல் சொல்லலாம்.

சரக்கல்விளையில் பிறந்த சிவனும் மேலக்காட்டுவிளையில் பிறந்த நாராயணனும் இஸ்ரோவின் தலைவர்களானதை அவன் எடுத்துக்காட்டுவான். காட்டட்டும், நம் மாவட்டத்துக்கே பெருமைதான். ஆனால் ஆரல்வாய்மொழிக்கு அப்பால் மகேந்திரகிரியில் எந்திரங்களைச் சோதிக்கும் இடத்தில் விஞ்ஞானிகளோடு வெல்டரும் ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் வேண்டியிருக்கிறார்கள். ஹாச்சிமாகியின் கையிலிருந்த ஒரே மூலதனம், குப்பை அள்ளி அள்ளிப் பழகிய, கலத்துக்கு வெளியே மிதந்து வேலை செய்யும் திறன். குழாய், வால்வு, பற்றவைப்புச் சோதனை என்று ஏதாவது ஒரு தொழிற்கூடத்தில் உங்கள் மகன் இப்போதே சேரட்டும். தேர்வுகளையும் தொடர்ந்து எழுதட்டும்.

கருங்கல் வாசகர்: இவர்களில் ஒருவரோடு தேநீர் குடிக்க வாய்ப்பு வந்தால் யாரை அழைப்பீர்கள்?

‘பிளானெட்டெஸ்’ குழுவின் விண்கலத் தலைவி ஃபீயை. புகைப்பிடிக்கும் அறைகளைத் தீவிரவாதிகள் தகர்த்துக்கொண்டே வர, ஒரு சிகரெட்டை நிம்மதியாகப் பிடிக்க முடியாமல் தொடரின் ஒரு பகுதி முழுவதும் அவர் தவிக்கிறார். கடைசியில் அவர்கள் ஏவிய செயற்கைக்கோளைத் தம் கலத்தாலேயே இடித்துத் தள்ளிவிட்டு, பூமியில் வந்து விழுந்த கையோடு ஒன்றைப் பற்றவைக்கிறார். நான் சிகரெட் பிடிப்பதில்லை. தேநீருக்கு நானே காசு கொடுத்துவிடுவேன்.