சம்பளம் சில மாதங்களுக்கு மட்டும் குறைந்தால் வீட்டுச் செலவை எப்படிக் குறைப்பது?

தற்காலிகச் சம்பளக் குறைப்பு என்றால், வேலை இருக்கிறது, சில மாதங்களுக்குத் தொகை மட்டும் குறைவு என்று பொருள். எனவே செலவை அடியோடு வெட்ட வேண்டாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று பார்த்தால் போதும்.

குறைந்தது 20 சதவீதம் என்றால், இவ்வளவுதானே, எல்லாவற்றிலும் கொஞ்சம் பிடித்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. 40,000 ரூபாய் சம்பளத்தில் வாடகை, கடன் தவணை, பள்ளிக் கட்டணம் 24,000 என்று வையுங்கள். அவை அசையாது. 8,000 குறைந்தால் மீதி 16,000 பாதியாகிவிடும். காபித்தூளை மாற்றி இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது.

மோட்டார் பழுதான நாளில் மாடித் தொட்டித் தண்ணீரை எப்படிச் செலவழிப்போம்? சமையலுக்கு முதலில், வண்டி கழுவுவது பிறகு. அதே வரிசைதான். புதுத் துணி, பயணம், சீட்டுப் பணத்தில் நகை எல்லாம் காத்திருக்கட்டும். புதிதாகச் சீட்டில் சேராதீர்கள். ஏற்கெனவே எடுத்த சீட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பகையாகிவிடும்.

தமிழ்நாட்டில் மின்கட்டணம் தனிக் கணக்கு. 2022இல் வந்த முறையில், இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையும் கூடிவிடும். ஏசியைச் சில இரவுகள் அணைத்து 490இல் நின்றால் மிச்சம் நன்றாகத் தெரியும்.

மருத்துவக் காப்பீட்டைச் சம்பளம் திரும்பியதும் தொடரலாம் என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிரீமியம் கட்டத் தரும் சலுகை நாட்கள் கடந்துவிட்டால், பழைய நோய்களுக்கான காத்திருப்புக் காலம், அதாவது அவற்றுக்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்காத காலம், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.