டீச்சரிடம் கேளுங்கள்: கடற்கரைக்கு வருகிறீர்களா?

கோடை விடுமுறை தொடங்கியதும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடற்கரையைப் பற்றித்தான். வழக்கமான ஊறுகாய்ச் சந்தேகங்களும் பிள்ளைகளின் படிப்புக் கவலைகளும் அடுத்த இதழ்வரை காத்திருக்கட்டும். நான் பெசன்ட் நகர்க் கரையில் ஒரு குப்பத்தில் பிறந்தவள். அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனார், அம்மா மீன்கூடை சுமந்தார். மாநகராட்சிப் பள்ளியில் 31 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றேன். இன்றும் காலை ஐந்தரைக்கு மணலில்தான் நடக்கிறேன். பதில்களில் கொஞ்சம் கண்டிப்பு தெரியும். பிரம்பைத்தான் வைத்துவிட்டேன், குரல் அப்படியே இருக்கிறது.

வேலூர் வாசகி: மே மாதம் வேன் எடுத்துக்கொண்டு 11 பேர் சென்னைக் கடற்கரைக்கு வருகிறோம். மாமியாருக்கு 74 வயது. சிறு பிள்ளைகள் மூன்று பேர். காலை பத்து மணிக்கு வந்து மாலைவரை இருக்கலாம் என்று திட்டம். என்னென்ன எடுத்து வரவேண்டும்?

முதலில் அந்தப் பத்து மணியை அடித்துவிடுங்கள், மகளே. மே மாதத்தில் பத்திலிருந்து மூன்றரைவரை இந்த மணல் கடலை வறுக்கும் சட்டி. செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிய குழந்தை நடுவழியில் நின்று அலறுவதை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். விடியற்காலை மூன்றுக்குக் கிளம்புங்கள். எங்கள் கடல் கிழக்குக் கடல். சூரியன் தண்ணீரிலிருந்து எழுந்து வருவதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். எட்டரைக்கெல்லாம் மணலை விட்டு ஏறிவிடுங்கள். பகலில் எழும்பூர் அருங்காட்சியகமோ உறவினர் வீடோ போய் இளைப்பாறிவிட்டு, நாலரைக்குத் திரும்பி வாருங்கள். அதற்குள் கடல் காற்று ஏறியிருக்கும்.

மாமியாரை நினைத்தால் மெரினாவைவிட எங்கள் பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைதான் நல்லது. மெரினாவில் சாலையிலிருந்து தண்ணீர்வரை சில இடங்களில் 300 மீட்டருக்கும் மேல் மணலில் நடக்கவேண்டும். அது ஆதியிலிருந்தே அப்படி இருந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவரைக் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அதில் முட்டித் தேங்கியது. மெரினா அகலமானது அப்படித்தான். வடக்கே ராயபுரம் பக்கம் கரை தேய்ந்ததும் அதனால்தான். ஒரு பக்கம் கூட்டினால் மறுபக்கம் கழியும் என்று என் மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய்த்த உதாரணம் அது.

சாமான்களுக்கு வருகிறேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், வீட்டிலிருந்தே பெரிய கேனில். பழைய பருத்திச் சேலைகள் நான்கு: விரிக்க, துவட்ட, போர்த்த, உடை மாற்றும்போது மறைப்பாகப் பிடிக்க. மாமியாருக்கு மடக்கு நாற்காலி ஒன்று; மணலில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் தேவைப்படும். காலைக்கும் பகலுக்கும் புளியோதரை போதும். தயிர்சாதத்தை வேனின் சூட்டில் மாலைவரை வைத்திருந்து பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். கழிப்பறை எங்கே என்று வேனை விட்டு இறங்கியதுமே விசாரித்துக்கொள்ளுங்கள், சில்லறையும் வைத்திருங்கள். பெண்கள் தண்ணீர் குடிக்காமல் நாள் முழுவதும் அடக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

நகைகளை வீட்டில் பூட்டி வையுங்கள். தண்ணீரில் விரல் சுருங்கும், மோதிரம் நழுவும். கொலுசைக் கடல் கழற்றிக்கொள்வது காலுக்குக்கூடத் தெரியாது. புடவையோடு முழங்கால் தண்ணீரில் நிற்காதீர்கள். கொசுவம் நனைந்து காலைச் சுற்றிக்கொண்டால் அடுத்த அலைக்கு எழ முடியாது. சுடிதார் நல்லது. பிள்ளைகளுக்கு நீல உடை வேண்டாம், தண்ணீரோடு தண்ணீராகிவிடும். ஆரஞ்சு, சிவப்பு என்றால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். ஒவ்வொரு பிள்ளையின் முன்கையிலும் உங்கள் கைப்பேசி எண்ணைப் பேனாவால் எழுதிவிடுங்கள். காணும் பொங்கல் கூட்டத்தில் போலீசார் குழந்தைகளின் கையில் எண் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். மற்ற நாட்களில் அந்த வேலை தாயுடையது.

திருப்பூர் வாசகர்: கிணற்றிலும் வாய்க்காலிலும் பத்து வயதிலிருந்து நீந்துகிறேன். கடலில் இறங்கினால் மட்டும் போலீசார் விரட்டுகிறார்கள். நீச்சல் தெரிந்தவனையும் ஏன் தடுக்கவேண்டும்?

தம்பி, கிணற்றுத் தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கும். வாய்க்கால் ஒரே திசையில் போகும். கடல் அப்படியா? மெரினாவிலும் எலியட்ஸிலும் குளிக்கத் தடை என்று பலகை வைத்திருப்பது உங்கள் நீச்சலைச் சந்தேகித்து அல்ல. எங்கள் ஆட்கள் தண்ணீரின் ஓட்டத்துக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. அப்பா கட்டுமரத்தைத் தள்ளுமுன் கால் மணி நேரம் பேசாமல் நின்று தண்ணீரைப் பார்ப்பார். அவ்வளவு பழகியவரே நின்று பார்த்த கடலில், பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு குதிக்கிறீர்கள்.

வெளியூர்ப் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்றுதான். வரிசையாக அலை உடைகிறது. நடுவில் ஓர் இடத்தில் மட்டும் அலை உடையவில்லை, தண்ணீர் கொஞ்சம் கருத்து அமைதியாகத் தெரிகிறது. இங்கே பயமில்லை என்று அங்கே இறங்குகிறார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பக் கடலுக்குப் போகும் பாதை அதுதான். அது காலை வாரிக் கீழே அமுக்காது. ஆளை அப்படியே உள்ளே கொண்டுபோகும். கரை விலகுவதைப் பார்த்துப் பதறி, கரையை நோக்கியே எதிர்த்து நீந்துவார்கள். நன்றாக நீந்துகிறவன் அதிக நேரம் எதிர்ப்பான், அதிகமாகக் களைப்பான். என்றாவது அப்படி மாட்டிக்கொண்டால் எதிர்க்காதீர்கள். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி, சத்தம் போடுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். அந்த ஓட்டம் பெரும்பாலும் சில பத்து மீட்டர் அகலம்தான். அதைக் கடந்துவிட்டால் அலையே கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும்.

இன்னொருவர் தத்தளிப்பதைப் பார்த்தால் பின்னாலேயே பாயாதீர்கள். ஒருவர் போய் மூவர் போன வீடுகள் எனக்குத் தெரியும். மூடியை இறுக்கிய காலித் தண்ணீர் கேன், கயிறு, எது கிடைத்தாலும் எறியுங்கள். பக்கத்தில் படகோடு நிற்கும் எங்கள் ஆட்களைக் கூப்பிடுங்கள். 108ஐ அழையுங்கள். எலியட்ஸ் மணலில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, அதன் முன்னால் படம் எடுக்காதவர்கள் குறைவு. 1930 டிசம்பர் 30 அன்று பிறரைக் காப்பாற்ற உதவும்போது இங்கே மூழ்கி இறந்த ஷ்மிட் என்ற டென்மார்க் நாட்டவரின் நினைவுச் சின்னம் அது. அடுத்த முறை அங்கே நின்று படம் எடுக்கும்போது கல்வெட்டையும் படித்துவிட்டு வாருங்கள், தம்பி.

சென்னை வாசகி: திருமணத்துக்கு முன் படம் எடுக்கக் குப்பத்துப் பக்கம் போனோம். படகில் ஏறி உட்கார்ந்தோம், வலையை என் தோளில் போட்டுக்கொண்டோம். ஒரு பெரியவர் கண்டபடி திட்டி இறக்கிவிட்டார். படகுக்கு ஒரு சேதமும் இல்லை. அவருக்கு ஏன் அத்தனை கோபம்?

திருமணம் நல்லபடியாக நடக்கட்டும். ஒன்று கேட்கிறேன்: உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் உங்கள் அப்பாவின் ஸ்கூட்டரில், முன்பின் தெரியாத இரண்டு பேர் ஏறி உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் அப்பா என்ன சொல்வார்?

செருப்போடு ஏறினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. ஏறியிருப்பீர்கள். என் அப்பா கட்டுமரத்தை வெறுங்காலோடுதான் தொடுவார். முதல் நாள் கடலில் இறக்கும்போது மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்துத்தான் இறக்குவார். இன்றைய ஃபைபர் படகுக்கும் அதுதான் மரியாதை. வலை விஷயம் அதைவிடப் பெரிது. மணலில் குவிந்து கிடக்கும் வலை பார்வைக்குக் குப்பை போலத் தெரியும். ஆனால் அது மடித்து வைத்த வரிசையில்தான் கிடக்கிறது. கடலில் அதே வரிசையில் இறங்கவேண்டும். உங்கள் தோளுக்கு அழகாக ஒரு முனையை இழுத்தால் அதைச் சரிசெய்ய இரண்டு பேருக்கு அரை நாள் போகும். வளையலோ புடவை ஜரிகையோ சிக்கிக் கண்ணி அறுந்தால் ஊசியும் நூலுமாக உட்காரவேண்டும். அந்தப் பெரியவரின் மாலை நேரம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் என் அப்பாவின் மாலைகள் அப்படித்தான் போயின.

கரைவலை இழுக்கும்போது நடுவில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கயிற்றைத் தாண்டாதீர்கள், மிதிக்காதீர்கள். கடலோடு இழுபறியில் இருக்கும் கயிறு திடீரென்று எகிறினால் காலைப் பதம் பார்த்துவிடும். ஓரமாக நின்று பாருங்கள். ஒரு கை கொடுக்கட்டுமா என்று கேட்டால் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். கருவாடு காயும் இடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்காதீர்கள், அந்தப் பெண்களுக்குக் கண் இருக்கிறது. மீன் விற்கும் அம்மாவைப் படம் எடுக்க ஆசை என்றால் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால் கால் கிலோ நெத்திலியாவது வாங்குங்கள்.

மதுரை வாசகர்: நண்பர்கள் சேர்ந்தால் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவோம். கடற்கரை திறந்த வெளிதானே?

திறந்த வெளிதான். அதனால்தான் உங்கள் பாட்டு என் வீட்டுக் கூடம்வரை வருகிறது.

தாம்பரம் வாசகி: குப்பையைத் தொட்டியில்தான் போடுகிறோம். தொட்டியே நிரம்பி வழிந்தால் என்ன செய்வது?

நிரம்பிய தொட்டியின் மேல் கோபுரமாக அடுக்கிவிட்டு நிம்மதியாகப் போகிறோம். இரவு நாய் இழுக்கிறது, காற்று பறக்கவிடுகிறது, காலையில் துப்புரவுப் பணியாளர் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுக்கிறார். ஒரு பழைய அரிசிச் சாக்கைக் கொண்டுவாருங்கள். கொண்டுவந்ததெல்லாம் அதில் ஏறி உங்களோடு தாம்பரத்துக்கே திரும்பட்டும். சுண்டலைத் தாளில் பொட்டலமாக வாங்குங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. காற்றாடி மாஞ்சா நூல், உடைந்த கண்ணாடி, மீன் முள் எல்லாவற்றையும்விட என் காலில் அதிகம் குத்தியது எது தெரியுமா? மிளகாய் பஜ்ஜி குத்திச் சாப்பிட்ட மூங்கில் குச்சி.

அடையாறு கல்லூரி மாணவி: இரவில் ஆமை முட்டையிட வருவதைப் பார்க்க ஆசை. தனியாகப் போகலாமா?

தனியாக வேண்டாம். ஜனவரியிலிருந்து ஏப்ரல்வரை இந்தக் கரைக்குப் பங்குனி ஆமை வரும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை இரவில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காப்பகத்தில் புதைக்கும் மாணவர்கள் 1988 முதல் இருக்கிறார்கள், அவர்களோடு போங்கள். ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டை இருக்கும், பொரிக்க 45 நாட்களுக்கு மேலாகும். ஆமையைக் கண்டால் டார்ச் அடிக்காதீர்கள், முன்னால் போய் நிற்காதீர்கள், படத்துக்காகத் தொடாதீர்கள். பயந்தால் முட்டையிடாமலே திரும்பிவிடும். பொரித்த குஞ்சுகள் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று நம்பும். நம் தெருவிளக்கும் கைப்பேசியும் அவற்றை ரோட்டுக்கு அழைத்துவிடும்.

2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இந்தக் கரையில் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் மாட்டினால் ஆமை மூச்சுக்கு மேலே வர முடியாது. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களும் இதில் பதில் சொல்லவேண்டியவர்கள். குப்பத்தில் பிறந்தவள் என்பதால் அதை மறைக்கமாட்டேன்.

காஞ்சிபுரம் வாசகர்: என் மனைவி சக்கர நாற்காலியில் இருக்கிறார். இருபது ஆண்டுகளாக அலையைக் கிட்டே பார்க்கவில்லை. வழி உண்டா?

உண்டு, ஐயா. மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே 2022 நவம்பரில் மரப்பாதை திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். திறந்த இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பெயர்த்தது, பிறகு சரிசெய்தார்கள். வார நாளில் காலையில் வாருங்கள். மாலையில் அந்தப் பாதை முழுவதும் நல்ல கால் உள்ளவர்களின் உலாவும் இடமாகிவிடுகிறது. வழி கேட்டுக் குரல் கொடுக்கத் தயங்காதீர்கள். மற்ற வாசகர்களே, கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் அல்லவா?

கடலூர் வாசகி: சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டுக் குழந்தையின் கால் தடித்துவிட்டது. மணலைத் தேய்த்தோம், இன்னும் அதிகமாகிவிட்டது.

தேய்க்கக் கூடாது. நல்ல தண்ணீரும் வேண்டாம், கடல் நீரால்தான் கழுவவேண்டும். ஒட்டியிருக்கும் இழையைக் கையால் தொடாமல் குச்சியால் எடுங்கள். பிறகு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கரையில் ஒதுங்கும் நீல நிற அழகுப் பொருள் எதையும் பிள்ளைகள் எடுக்க விடாதீர்கள். 2023 டிசம்பர் புயலுக்குப் பிறகு பெசன்ட் நகரில் ஒதுங்கிய நீல டிராகன் என்ற கடல் நத்தைகள் விரல் நீளம்தான், ஆனால் நன்றாகக் கொட்டும்.

அண்ணா நகர் வாசகி: எல்லாம் சரி டீச்சர், காருக்குள் மணல் வராமல் எப்படி?

ஈரக் காலைக் கழுவினால் இன்னும் ஒட்டும். நன்றாகக் காயவிட்டு, குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவித் துண்டால் துடையுங்கள், உதிர்ந்துவிடும். காருக்குள் வைத்து உதறாதீர்கள். கதவைத் திறந்து, மணலை இங்கேயே கொட்டிவிட்டுப் போங்கள்.